குக்கர் விசிலடிக்கும் கேசட்

அப்பாவின் குரலைக் கேட்க வேண்டும். அவர் போன பிறகு எனக்கு இருக்கிற ஒரே ஆசை இதுதான். கைப்பேசியில் படங்களுக்குக் குறைவில்லை. ஆனால் வீடியோ எடுத்தாலும் போட்டோ என்று நினைத்து அட்டென்ஷனில் நின்று வாயை இறுக மூடிக்கொள்வார் மனிதர். ராணுவத்தில் இருந்த பழக்கம், லேசில் போகுமா?

மிச்சம் இருப்பவை அவருடைய கேசட்டுகள். கிள்ளானில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு அப்பா லீவில் வந்தால், முதல் வேலை ரேடியோ பாட்டுகளைப் பதிவு செய்வதுதான். ரேடியோவையும் டேப் ரிக்கார்டரையும் இணைக்க வயர் கிடையாது. மேசையில் எதிரெதிரே உட்கார வைத்துவிட்டு, பட்டனை அழுத்தும் முன் "டியாம்!" என்பார். பேசாதே என்பதற்கு மலாய்ச் சொல், முகாமில் தொற்றிக்கொண்டது. அப்புறம் வீட்டில் யாரும் மூச்சு விடக் கூடாது. ஆனால் அம்மாவின் குக்கருக்கு ராணுவ ஒழுங்கு தெரியாது. தம்பிக்கு அப்போது பார்த்துத் தும்மல் வரும். எனக்குச் சிரிப்பு வரும். அப்பா திரும்பி முறைப்பார். கெட்டுப்போனதை எல்லாம் அழித்துவிடப் போவதாகப் பிறகு மிரட்டுவார்.

கருமக்கிரியைக்குப் பந்திங்கிலிருந்து அப்பாவோடு பணியாற்றிய அங்கிள் ஒருவர் வந்திருந்தார்.

"பார்டர் கேம்ப்ல உங்கப்பா நல்ல கேசட்ட எல்லாம் எங்களுக்குக் குடுத்துருவாரு லா. குக்கர் விசிலடிக்கிற கேசட்ட மட்டும் தர மாட்டாரு. பாட்டே சரியா கேக்கலயேன்னு சொன்னா, என் வீடு இதுலதான் இருக்குன்னுவாரு."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்படியென்றால் அந்த முறைப்பெல்லாம் சும்மாவா?

பிரிக்பீல்ட்ஸ் கடை ஒன்றில் டேப் ரிக்கார்டரைப் பழுது பார்த்து எடுத்து வந்தேன். நானும் அம்மாவும் கேசட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டோம். பாட்டு இருந்தது. குக்கர் இருந்தது. தம்பியின் தும்மல், என் சிரிப்பு, "அடுப்ப அணைச்சுட்டேங்க" என்று அம்மா கிசுகிசுப்பது, எல்லாம் இருந்தன. அப்பா மட்டும் இல்லை. தான் போட்ட உத்தரவைத் தான் ஒருவர் மட்டும் ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறார். எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. ஒரு தடவை இருமியாவது தொலைத்திருக்கக் கூடாதா?

கடைசி கேசட்டில் பாட்டு முடிந்து, அறிவிப்பாளர் பேச ஆரம்பிப்பதற்குள் 'டக்' என்று ஒரு சத்தம். அதோடு பதிவு நின்றது. கேசட்டை வெளியே எடுக்கப் போனேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அது உங்கப்பா."

"எதும்மா?"

"அந்த டக்குனு கேட்டுச்சே, அதுதான். பட்டன வேற யாரையும் தொட விட மாட்டாருல்ல."

கொஞ்சம் பின்னால் சுற்றி, மறுபடியும் போட்டேன். பாட்டு முடியப் போகும் நேரத்தில் அம்மா உதட்டில் விரலை வைத்து, "டியாம்" என்றார்.

இருவரும் மூச்சு விடாமல் காத்திருந்தோம்.