அறுகின் சொந்தக்காரப் புல்

போன கிழமை லா சப்பல் தமிழ்க்கடைத் தெருவில் மரக்கறி வாங்கப் போனபோது, கறிவேப்பிலைக் கட்டுகளுக்குப் பக்கத்தில் பிளாஸ்ரிக் பையில் அறுகம்புல் கிடந்தது. விமானம் ஏறி வந்த புல். வாங்கிக்கொண்டு வெளியே வந்து, மெட்ரோ ஓடும் பாலத்துக்குக் கீழே நின்று பையைப் பிரித்து மணந்து பார்த்தேன். கண்டவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது. சிவம் அண்ணையின் நினைவு வந்து அன்றைய நாளே கெட்டுப்போனது.

2009இல் நானும் அவரும் வில்லியே லே பெல் என்ற புறநகரில் ஒரே அறையில் இருந்தோம், ஒரே உணவகத்தில் கோப்பை கழுவினோம். அவர் சித்திரையில் வந்து இறங்கினார். அடுத்த மாதம் ஊரில் நடந்த கடைசிச் சண்டையில் அவருடைய மகன் காணாமல் போனான். மகன் வர வேண்டுமென்று வெள்ளிக்கிழமை தோறும் பிள்ளையாருக்கு அறுகு வைப்பதாக நேர்த்தி வைத்திருந்தார். பிள்ளையார் அலுமாரிக்கு மேலே தயாராக இருந்தார். கடைகளுக்கு அறுகு வராத காலம் அது, அறுகுக்கு எங்கே போவது?

லீவு நாளில் பேருந்தின் கடைசித் தரிப்பில் இறங்கி, காட்டோரப் புல்வெளிக்குப் போனோம். இலையுதிர்காலம். வெள்ளைக்காரக் குடும்பங்கள் மஞ்சளும் சிவப்புமான இலைகளை அண்ணாந்து படமெடுத்துக்கொண்டிருக்க, நாங்கள் முழங்காலளவு காய்ந்த புல்லுக்குள் பையும் கையுமாகக் குனிந்து தேடினோம். வீட்டுத் திறப்பைத் தொலைத்துவிட்டீர்களா என்று ஒரு கிழவி கேட்டாள். என் பிரெஞ்சு இருந்த அழகுக்கு, ஆமாம் என்பதுதான் சுலபமான பதில். பாவம், அவளும் எங்களோடு வெகுநேரம் குனிந்து தேடினாள்.

அவள் போனபிறகு அண்ணை ஒரு தண்டைக் கடித்துப் பார்த்தார். "அறுகில்லை. அறுகின்ரை சொந்தக்காரப் புல்லு. பிள்ளையார் கோவிக்க மாட்டார்."

திரும்பும் வழியில் உதிர்ந்துகொண்டிருந்த மரங்களைப் பார்த்து நின்றுவிட்டார். இவ்வளவு மரமும் பட்டுப்போகிறதே, ஏதும் நோயா என்று கேட்டார். அவருக்கு முந்தி வந்த காரணத்தால் இந்த நாட்டைப் பற்றி எல்லாம் தெரிந்தவன் நான். "இல்லை அண்ணை, சித்திரையிலை திரும்பத் துளிர்க்கும்" என்றேன்.

"உண்மையாவோ?" என்றார். அந்த முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அடுத்த சித்திரையில் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, இலை வந்துவிட்டதென்று எனக்குச் சொன்னார்.

பிறகு வருடா வருடம் இலை பார்க்கப் போனோம். வவுனியாவிலிருந்து அவர் மனைவி, மகனுக்கு அந்தியேட்டிக் கிரியையைச் செய்துவிடுவோம் என்று தொலைபேசியில் அழுவார். இறந்த நாள் தெரியாவிட்டால் அமாவாசையில் செய்யலாம் என்று ஐயர் சொன்னாராம். "தர்ப்பையை விரலிலை போட்டால் நானே அவனைச் சாக்காட்டின மாதிரித் தம்பி" என்று என்னிடம் சொல்லிவிட்டு, புல்லைக் கழுவப் போவார். குளிர் காலத்துக்கென்று யன்னலில் தகரப் பேணியில் புல் வளர்த்தார். அது ஒவ்வொரு முறையும் அழுகியது.

ஓர் இலையுதிர்காலம் அவர் பை கொண்டு வரவில்லை. புல்லுக்குள் இறங்கவும் இல்லை. பாதையில் நின்று வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார்.

"மரத்துக்கு இலை திரும்ப வருது" என்றார். பிறகு, "லா சப்பலிலை தர்ப்பை எந்தக் கடையிலை இருக்கும்?"

நான்தான் கூட்டிப்போனேன். அமாவாசையன்று அவர் விரலில் தர்ப்பையோடு கிரியைக்கு இருக்க, பின்னால் அவருடைய குளிர்கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் அழவில்லை. அழுதிருக்கலாம்.

பிறகு பொண்டி என்ற ஊரில் உறவினர் வீட்டுக்குப் போனார். பேச்சு குறைந்து, ஒருநாள் அவருடைய தொலைபேசி இலக்கமும் வேலை செய்யாமல் போயிற்று. புல்வெளியை வேலி அடைத்து, தார் போட்டு, பார ஊர்திகள் நிறுத்துகிறார்கள். அதற்குப் பின்னால் மரங்கள் வழக்கம்போலச் சிவக்கின்றன. பார்க்க எனக்கு விருப்பமில்லை.

பிள்ளையாரை அண்ணை கொண்டுபோகவில்லை. அவர் இன்னும் என் அலுமாரிக்கு மேலேதான் இருக்கிறார். அன்று லா சப்பலிலிருந்து வீட்டுக்கு வந்து, அசல் அறுகைக் கழுவி அவருக்கு வைத்தேன். என்ன கேட்பதென்று தெரியவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.