இறால் பெட்டியில் ரத்தம்

போன செவ்வாய்க்கிழமை லைசென்ஸ் வந்துவிட்டது. எனக்கில்லை... புதுக்கோட்டையில் எங்கள் லேபுக்குச் சோதனைக்காக வந்திருந்த புது ரத்தப் பரிசோதனை மெஷினுக்கு!

சர்க்கரை, உப்பு, பொட்டாசியம் என்று ரத்தத்தில் இருப்பதை அளக்கும் மெஷினைச் சும்மா விற்றுவிட முடியாது. அது சொல்லும் எண், ஏற்கெனவே நம்பிக்கை பெற்ற பழைய மெஷின் சொல்லும் எண்ணோடு ஒத்துப்போகிறது என்று அரசாங்கத்துக்குக் காட்ட வேண்டும். அந்த ஃபைலில் கையெழுத்து என்னுடையது. எங்கள் வீட்டில் கைநாட்டு வைக்காத முதல் ஆள் நான்தான். அந்தக் கையெழுத்தின் கனம் எனக்குத் தெரியாதா?

எங்கள் ஊர் ஜெகதாப்பட்டினத்தில் பத்துப் பேரிடம் சம்மதம் வாங்கி, ஆளுக்கு இரண்டு டியூப் ரத்தம் எடுத்தேன். ஒன்றைப் பழைய மெஷினில் பார்க்க நானே மணமேல்குடி லேபுக்குக் கொண்டுபோனேன். இன்னொன்றைத் துணியில் சுற்றி, ஐஸ் வைத்த பெட்டியில் அடுக்கி, எங்கள் லேபில் சேர்க்கச் சொல்லி, புதுக்கோட்டை பஸ் ஏறிய அப்பாவிடம் கொடுத்தேன்.

சாயங்காலம் புதுக்கோட்டை லேபுக்குத் திரும்பினால், புது மெஷின் பத்துப் பேருக்கும் பொட்டாசியத்தைத் தாறுமாறாக ஏற்றிக் காட்டியிருந்தது. மணமேல்குடியில் எல்லாமே நார்மல்!

கம்பெனி இன்ஜினீயர் முகம் வெளுத்துவிட்டது. "மேடம், இந்தப் பத்தையும் சேர்க்காம விட்டுறலாங்களா?"

"விட்டா, நான் கையெழுத்துப் போட மாட்டேங்க."

வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். ஆனால், இத்தனை மாத வேலை போச்சா?

அப்புறம்தான் டியூபை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். மேலே தெளிந்து நிற்கும் நீர் வெளிர்மஞ்சளாக இருக்க வேண்டும். எல்லாமே ரோஸ்! முதலில் பார்த்திருக்க வேண்டியது அதைத்தான். நானோ மெஷினைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அப்பாவுக்கு போன் போட்டேன். அவருக்கு ஐஸ் பிளான்ட்டில், மீனுக்கும் இறாலுக்கும் ஐஸ் நொறுக்கிப் போடும் வேலை.

"பொட்டி லேசாத்தான் சில்லுனு இருந்துச்சும்மா. துணியெல்லாம் எடுத்துட்டு, நொறுக்குன ஐஸா அள்ளி நெரப்பிட்டேன். அறந்தாங்கி தாண்டுறதுக்குள்ள கெட்டுப்போனா ஒன் பேருல்ல கெடும்?"

"அப்பா, அது இறால் இல்லப்பா... ரத்தம்!"

"இறாலே கெடாதுங்கிறேன்!"

ஐஸ் நேராகப் பட்டால் ரத்த அணுக்கள் உடைந்து, நீர் ரோஸாகி, உள்ளே இருக்கும் பொட்டாசியம் வெளியே கொட்டிவிடும். மெஷின் பொய் சொல்லவில்லை. எங்கள் அப்பா பாசத்தைக் கொஞ்சம் கூடுதலாக அள்ளிப் போட்டுவிட்டார் — அவ்வளவுதான்.

மறுபடி அதே பத்துப் பேர். மீன் ஏலம் எடுக்கும் அக்கா கையை நீட்டிக்கொண்டே கேட்டார்: "ஏத்தா, போன தடவ எடுத்தத என்ன, கொழம்பு வச்சிட்டீங்களா?"

இந்த முறை பெட்டி என் மடியில் வந்தது. எண்கள் பத்தும் ஒத்துப்போயின. கெட்டுப்போன பத்தையும் மறைக்காமல் ஃபைலில் சேர்த்தோம். அரசாங்கத்திலிருந்து அந்தப் பக்கத்தைப் பற்றி விளக்கம் கேட்டார்கள். நடந்ததை நடந்தபடி எழுதினேன். ஏற்றுக்கொண்டார்கள். அப்பாடா!

என்ன... 'தவறுக்கான காரணம்' என்ற கட்டம்தான் ரொம்பச் சின்னது. 'அளவுக்கு மீறிய ஐஸ்' என்று மட்டும் எழுதினேன். 'அப்பா' என்று எழுத அதில் இடமில்லை!