காது எட்டினால் சத்துணவு

எங்கள் பஸ் மலைமேல் வாழவந்தியில் பழுதாகி நிற்கிறது. மகனோடு இறங்கி நிற்கிறேன். எதிரே பள்ளிக்கூடம், ஒன்றாம் வகுப்புக்குச் சேர்க்கை நடக்கிறது. வாசலில் ஒரு தாய் தன் மகனின் வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து, இடது காதைத் தொடவைக்க இழுத்துக்கொண்டிருக்கிறாள். விரல் எட்டவில்லை.

“கை சுளுக்கிக்கப் போகுதும்மா” என்கிறேன். என் மகன் தும்மினாலே டாக்டரிடம் ஓடுகிறவள் நான்.

“ஏழு நடக்குதுங்க. போன வருசமும் காது எட்டலைன்னு அனுப்பிட்டாங்க. உள்ள சேந்தாத்தானுங்க சத்துணவு போடுவாங்க.”

அருமையான ஏற்பாடு. சத்துணவு தின்றால் வளர்வான், வளர்ந்தால்தான் சத்துணவு. மலைப்பிள்ளைகள் அளவுக்கு மீறி வளர்ந்துவிடாமல் காக்க இதைவிட நல்ல வழி கிடையாது.

அவள் பார்வை என் மகன் மேல் போகிறது. “கண்ணுக்கு எத்தனை வயசுங்க?”

“அஞ்சு.”

“ஏனுங்கக்கா, எம் பையன்னு சொல்லி இவனைக் கொஞ்சம் உள்ள கூட்டிட்டுப் போயிட்டு வரட்டுங்களா? சேந்துட்டா அப்புறம் ஆரும் அளந்து பாக்கறதில்லீங்க.”

தப்பு. மாட்டினால் அசிங்கம். என் வீட்டுக்காரருக்குத் தெரிந்தால் என்ன சொல்வார்? யோசித்து முடிப்பதற்குள் சரி என்று சொல்லிவிட்டிருக்கிறேன். அவள் மகன் என் இடுப்பில் இருக்கிறான், கனமே இல்லாமல். என் மகன் பிஸ்கட்டைக் கடித்தபடி அவளோடு போகிறான்.

பள்ளிக்கூட ஜன்னல் வழியே பார்க்கிறேன். பெயரை அவளே சொல்லிவிடுகிறாள். என் மகன் காதைத் தொட்டதோடு நில்லாமல் முறுக்கியும் காட்டுகிறான்.

தலைமை ஆசிரியருக்கு முகமெல்லாம் பெருமை. “பாத்தியா? நாஞ் சொன்னபடி ஒரு வருசம் பொறுத்ததுக்கு எப்படி வளந்துட்டான்!”