குற்றாலலிங்கம் கொடுத்த அரை ஏக்கர்

டார்லினுக்குப் பாளையங்கோட்டை. விவசாயம் படித்துவிட்டு ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தாள். மழையை மட்டும் நம்பிக் கிடக்கும் சரளைக் காட்டு நிலத்திலும் எப்படி விளைய வைக்கலாம் என்று நாங்குநேரிப் பக்கத்துச் சிறு விவசாயிகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை.

முதல் கூட்டத்தைப் போய் தசரா சமயத்தில் போட்டுவிட்டாள். ஊரே குலசேகரன்பட்டினத்து அம்மனுக்கு நேர்ந்துகொண்டு வேஷம் கட்டிக்கொண்டிருந்தது. வந்தது ரெண்டே பேர். ஒருத்தி, பக்கத்து ஊரில் ஒண்ணரை ஏக்கர் வைத்திருக்கும் ஆபிதா பீவி. இன்னொருவர் உள்ளூர் விவசாயி குற்றாலலிங்கம், போலீஸ் வேஷத்தில். காணிக்கை கேட்டு வந்தவர், கூட்டத்துக்கு வைத்திருந்த வடையைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார்.

"யம்மா, நீ காட்டுத படத்துல எல்லாம் பச்சப்பசேல்னுதான் இருக்கு. எங்க காட்டுல செஞ்சு காட்டுதியா?"

டார்லினுக்குச் சுருக்கென்றது. "காட்டுதேன் அண்ணாச்சி. எடம் தாங்க."

தந்தார். கல்லும் முள்ளுமாகச் சரிந்து கிடந்த அரை ஏக்கர். டார்லினும் ஆபிதா பீவியும் நாலு பெண்களைச் சேர்த்துக்கொண்டு மழைத் தண்ணீர் ஓடிவிடாமல் நிற்கச் சரிவுக்குக் குறுக்கே நீளக் குழிகள் வெட்டினார்கள். ஐப்பசி மழை விழுந்ததும் தட்டப்பயறு விதைத்து, வரிசைகளுக்கு நடுவே சருகைப் பரப்பினார்கள். முளைத்தது. டார்லின் தினமும் போட்டோ எடுத்தாள்.

ஒரு நாள் காலையில் போனால் ஒரு செடி இல்லை. மயில் கூட்டம் சுத்தமாக மேய்ந்துவிட்டுப் போயிருந்தது.

கூட்டத்துக்கு வராத ஊர் வேடிக்கை பார்க்க வந்தது. குற்றாலலிங்கம்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். டார்லினுக்கு அழுகை முட்டியது. ஆபிதா பீவி குனிந்து சருகை விலக்கினாள்.

"சிரிச்சது போதும் அண்ணாச்சி. இங்கன கைய வைங்க."

மழை நின்று பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. குற்றாலலிங்கம் கையை விட்டார். ஈரம். எழுந்து வரப்பைத் தாண்டிப் போய்த் குழி வெட்டாத தன் மீதிக் காட்டு மண்ணைக் கிள்ளினார்; புழுதியாக உதிர்ந்தது. திரும்பி வந்து மறுபடியும் கையை விட்டார்.

"இது எப்படிம்மா காயாம கெடக்கு?"

டார்லின் கண்ணைத் துடைத்துக்கொண்டு அங்கேயே பாடத்தை ஆரம்பித்தாள். கேட்க இருபத்தேழு பேர் இருந்தார்கள். மயிலுக்கு வழி அவர்கள் சொன்னார்கள்: வீட்டுக்கு ஒரு பழைய சேலை கொண்டுவந்து சுற்றிலும் கட்டினார்கள். இரண்டாம் விதைப்பு தப்பித்தது. பெரிய மகசூல் இல்லை, மூணு ஓலைப்பெட்டிப் பயறு. ஆனால் அந்த இடத்தில் அதற்கு முன்னால் விளைந்ததெல்லாம் முள்தான்.

இந்த வருஷம் பதினாலு பேர் குழி வெட்டியிருக்கிறார்கள். டார்லின் அடுத்து ராதாபுரம் பக்கம் ஓர் ஊருக்குப் போகிறாள். பேசுவதற்கு ஆபிதா பீவியையும் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டாள்.

"அங்கன மைக் உண்டா?" என்று கேட்டாள் ஆபிதா பீவி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டே.