பிழைச் செய்தியைச் சத்தமாகப் படித்தவர்

மன்னார்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். என் வயதுதான் இருக்கும். கசங்காத வெள்ளைச் சட்டை, நெற்றிக்கு ஏற்றிவிட்ட கண்ணாடி. மாணவர் சேர்க்கைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாளன்று சர்வர் ஸ்டார்ட் ஆகவில்லை என்று என்னை வரவழைத்திருந்தார்கள்.

திரை நிறையப் பிழைச் செய்தி. நான் கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டு இரண்டு மணி நேரம் எதையெதையோ மாற்றிக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து சத்தமாகப் படித்தார். நடுவில் நிறுத்தி, "இந்த ஃபைல் கிடைக்கலைன்னு போட்டிருக்கே சார்?" என்றார்.

அதேதான். புது சர்வருக்கு மாற்றியபோது அந்த லைப்ரரி ஃபைல் விடுபட்டிருந்தது. அதைப் போட்டதும் சர்வர் ஓடியது.

"எப்பவும் சத்தமாத்தான் படிப்பீங்களா?" என்று கேட்டேன்.

"காலேஜ் லீவு விட்டா இங்க நான் ஒருத்தன்தாங்க. பேச்சு மறந்துடக் கூடாதுல்ல" என்று சிரித்தார்.

நடவு முடிந்த வயலுக்கு எதிரே இருந்த பஸ் நிறுத்தம் வரை கூடவே வந்தார்.

"இனிமே சர்வர் நின்னுபோகாதுல்ல?"

"போகாதுங்க" என்றேன் பெருமையாக.

"அப்ப நீங்க வர வேண்டியிருக்காது."

அதைச் சந்தோஷமாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.