எட்டு மணி மருந்தும் பத்து மணி ரத்தமும்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் காலை ரவுண்ட்ஸில், ஆறு பி.ஜி. மாணவர்கள் முன்னிலையில் என் மானம் போனது. போக வேண்டியதுதான். எப்படிப் போனது என்பதை, கிட்னி மாற்று சிகிச்சை கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்காக எழுதிவைக்கிறேன்.

அப்போது நான் ஒரு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் உதவிப் பேராசிரியர். வீடு தாம்பரத்தில். வெளிநாட்டில் ஒரு வருஷம் பயிற்சி எடுத்துவிட்டு வந்த திமிர் இன்னும் இறங்கியிருக்கவில்லை. மே மாதத்தில்கூட டை கட்டிக்கொண்டுதான் மின்சார ரயிலில் ஏறுவேன். சக பயணிகள் என்னை டிக்கெட் பரிசோதகர் என்று நினைத்துப் பாஸை எடுத்து நீட்டுவார்கள்.

ஏழுமலை என் நோயாளி. முப்பது வயதுக்காரர், பெருங்களத்தூரில் வீடு, மறைமலை நகரில் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில் லேத் ஆபரேட்டர். அவருக்குக் கிட்னி கொடுத்தவர் அவருடைய அக்கா தனம். தாம்பரம் மார்க்கெட்டில் காய்கறிக் கடை வைத்திருந்தார். ஆபரேஷன் நன்றாக முடிந்து, கிரியாட்டினின் 1.2க்கு இறங்கியது. கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அது. ஏறினால் ஆபத்து.

புதுக் கிட்னியை உடம்பு ஏற்காமல் தாக்குவதை ரிஜெக்‌ஷன் என்போம். அதைத் தடுக்க சைக்ளோஸ்போரின். அந்நாளில் அது எண்ணெய் மாதிரி ஒரு திரவம். சிரிஞ்சில் அளந்து பாலில் கலக்கி, காலை எட்டு, இரவு எட்டு என்று குடிக்க வேண்டும். குறைந்தால் ரிஜெக்‌ஷன் வரும், கூடினால் மருந்தே கிட்னியைக் கெடுக்கும். ஆகவே ரத்தத்தில் மருந்தின் லெவல் பார்த்து அளவை மாற்றுவோம்.

முதல் கிளினிக்கிலேயே ஏழுமலை, ஒரு நாள் ஒன்பதரைக்கு மருந்து குடித்துவிட்டதாக உண்மையைச் சொல்லிவிட்டார். பிடித்துக்கொண்டேன்.

"எட்டுன்னா எட்டு. வானமே இடிஞ்சு விழுந்தாலும் எட்டு மணிக்கு மருந்து உள்ள போயிருக்கணும். புரிஞ்சுதா?"

அக்காவும் தம்பியும் ஒன்றாகத் தலையாட்டினார்கள். என் கண்டிப்பு எனக்கே பிடித்திருந்தது.

அடுத்த முறை வந்தபோது லெவல் மிகவும் அதிகம், கிரியாட்டினின் 1.5. மருந்து கிட்னியைக் கெடுக்கிறது என்று முடிவுகட்டி அளவைக் குறைத்தேன். பதினைந்து நாளில் கிரியாட்டினின் 2. லெவல் அப்போதும் அதிகம். மறுபடி குறைத்தேன். அதற்கடுத்த முறை 2.8. ஏழுமலையின் முகம் வீங்கியிருந்தது. அட்மிட் செய்து பயாப்ஸி எடுத்தோம்.

ரிப்போர்ட்டில் ரிஜெக்‌ஷன். மருந்து இவ்வளவு அதிகமாக இருக்கும்போது ரிஜெக்‌ஷன் வரலாமா? அன்று காலை ரவுண்ட்ஸில் அவர் படுக்கையருகே நின்று, இவருடைய உடம்பின் எதிர்ப்புச் சக்தி ஒரு தனி ரகம் என்று பத்து நிமிஷம் லெக்சர் அடித்தேன். மருத்துவப் பத்திரிகைக்கு எழுதக் கட்டுரைத் தலைப்புகூட யோசித்துவைத்திருந்தேன்.

பக்கத்தில் ஃபிளாஸ்கோடு நின்றிருந்த தனம் கேட்டார். "சார், ரத்தத்துல மருந்து ஜாஸ்தி கீது, ஜாஸ்தி கீதுன்னு சொல்லிகினே கீறியே. குடிச்சு ரெண்டு மணி நேரத்துல ரத்தம் எடுத்தா, அதுல மருந்து இல்லாம வேற இன்னா இருக்கும்?"

"ரெண்டு மணி நேரமா?"

"இங்க செக்கப்புக்கு வர்ற அன்னிக்கெல்லாம், எட்டு மணிக்கு பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்புல நின்னுகினே நான்தான் பால்ல கலக்கிக் குடுப்பேன். பத்து மணிக்கு இங்க ஊசி போட்டு எடுக்கறாங்கோ. வானம் இடிஞ்சாலும்னு நீதான சார் சொன்னே?"

"இதை ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கவே இல்லியே சார்."

ஒரு பி.ஜி. பெண் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டாள். லெவலுக்கு ரத்தம் எடுக்கும் நாளில் முதலில் ரத்தம், பிறகுதான் காலை மருந்து. லேப் கதவில் அப்படி ஒரு நோட்டீஸே ஒட்டியிருந்தது. எழுதி ஒட்டியவன் நான்தான். இங்கிலீஷில், அதுவும் கதவின் உள்பக்கம்.

ஆக, சரியாக இருந்த மருந்தைக் குறைத்துக் குறைத்து ரிஜெக்‌ஷனை வரவழைத்தது அடியேன். பழைய அளவுக்கே திரும்பினோம். ரிஜெக்‌ஷனை அடக்க மூன்று நாள் ஸ்டீராய்டு ஊசி போட்டோம். அந்த மூன்று நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு அக்கா அறுத்துக் கொடுத்ததை என் வாய்க்கொழுப்பால் பாழாக்கிவிட்டேனோ என்ற பயம். முதல் நாள் 2.9. இரண்டாம் நாளும் 2.9. மூன்றாம் நாள் 2.4 என்று லேப்பிலிருந்து போன் வந்ததும் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கடைசியில் 1.6இல் வந்து நின்றது. 1.2க்குத் திரும்பவே இல்லை.

மாதாமாதம் நடக்கும் கூட்டத்தில் எங்கள் தவறுகளை வாசிக்க வேண்டும். "நோயாளி தவறான நேரத்தில் மருந்து உட்கொண்டார்" என்று முதலில் எழுதினேன். படித்துப் பார்த்தால் எனக்கே கூசியது. அதை அடித்துவிட்டு, "மருத்துவர் கேட்கவில்லை" என்று எழுதி வாசித்தேன். கூட்டத்தில் யாரும் இருமவில்லை.

இதில் பாடம் என்ன என்று என் வாயால் சொன்னால் மறுபடி லெக்சராகிவிடும். டிஸ்சார்ஜ் அன்று நடந்ததை மட்டும் சொல்கிறேன். இருவரையும் உட்காரவைத்து, "தப்பு என்னோடது. மன்னிச்சுடுங்க" என்றேன். ஏழுமலை பதறி எழுந்துவிட்டார். "ஐயோ, இன்னா சார் நீங்க போய்..."

தனம் எழுந்திருக்கவில்லை. என்னை நேராகப் பார்த்தார்.

"என்னாண்ட இன்னும் ஒண்ணுதான் சார் கீது. அத்தக் குடுத்தா நான் பூடுவேன். இனிமேலாவது கேட்டுட்டுச் செய் சார்."