கத்தாதவளுக்கு வலி இல்லையாம்

சிஸ்டர், அந்தக் குழந்தை செத்ததற்கு நீங்கள்தான் காரணம். எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது.

அதைப் பெற்றவள் எங்கள் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிற ஒடிசாப் பெண். எங்கள் காம்பவுண்டில் பக்கத்து வீடு. தலைச்சன் பிரசவம். புருஷன் சாயப்பட்டறையில் ஷிஃப்டில் இருந்தான்; ஆட்டோ பிடித்து உங்கள் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டி வந்தேன். வழியெல்லாம் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது. வாயிலிருந்து மட்டும் சத்தம் வரவில்லை.

"ஏனுங்க சிஸ்டர், வலி நிக்காம வருதுங்க, உள்ள கூட்டிக்கோங்க" என்றேன்.

நீங்கள் மேசையை விட்டு எழவில்லை. "வலி வந்தவ இப்படியா உக்காந்திருப்பா? பெஞ்சுல இருக்கட்டும். இந்திக்காரிங்க எல்லாம் பெட்டுல படுக்கறதுக்குன்னே சீக்கிரம் வந்தர்றாங்க."

"அவ ஒடிசாங்க."

"எல்லாம் ஒண்ணுதான்."

பக்கத்தில் நின்ற ஆயாம்மா சிரித்தாள். "காட்டுலயே பெத்துப்போட்டுட்டுக் களையெடுக்கப் போறவங்க. இவங்களுக்கு வலியாவது ஒண்ணாவது!"

கொஞ்ச நேரத்தில் உள்ளூர்ப் பெண் ஒருத்தி "ஐயோ அம்மா" என்று அலறிக்கொண்டு வந்தாள். அவளை உடனே உள்ளே கொண்டுபோனீர்கள். கொண்டுபோக வேண்டியதுதான். அவள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

"கத்து கண்ணு. கத்தித் தொலை" என்றேன் இவளிடம்.

முந்தானையைக் கடித்துக்கொண்டு மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். வராண்டா நிறைய ஆம்பிளைகள். அவள் ஊரில் பிரசவ வலியில் பெண் சத்தம் போட்டால் மாமியார் தெரு முழுக்கச் சொல்லிச் சிரிப்பாளாம். "வெக்கம் அக்கா" என்றாள். அந்த வலியிலும் எனக்காகச் சிரிக்கப் பார்த்தாள்.

பெஞ்சில் பனிக்குடத் தண்ணீர் பச்சையாக வடிந்தபோது நான் கத்தினேன். அப்போதுதான் வந்தீர்கள். "உனக்கா வலி, இந்தக் கத்து கத்தற?" என்றீர்கள். பெஞ்சைப் பார்த்ததும் உங்கள் முகம் மாறியது. பிறகு ஓடினீர்கள், டாக்டரும் ஓடி வந்தார். ஆண் குழந்தை. அழவே இல்லை.

"முன்னாடியே ஏன் சொல்லல?" என்று அவளைக் கேட்டீர்கள். "தப்புதான் அக்கா" என்று அவள் உங்களிடம் மன்னிப்புக் கேட்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகு பால் கட்டிக்கொண்டது. ஜாக்கெட் நனைந்து, காய்ச்சலில் நடுங்கினாள். மல்லிகைப் பூ வாங்கிக்கொண்டு போனேன். கட்டிலில் எழுந்து உட்கார்ந்து தலையைக் குனிந்து காட்டினாள். கொண்டையில் வைக்கத்தான் என்று நினைத்துவிட்டாள். பால் வற்றுவதற்கு மார்பில் வைத்துக் கட்டுகிற பூ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு துண்டு கிள்ளி முதலில் தலையில் வைத்துவிட்டேன். மீதியை மார்பில் பரப்பி, கம்பெனியில் மிஞ்சிய பனியன் துணியால் வலிக்காமல் கட்டினேன். புரிந்துகொண்டாள். என் மடியில் முகத்தைப் புதைத்து அழுதாள். ஈரம்தான் தெரிந்தது, சத்தமில்லை. அவள் தூங்கும்வரை முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன்.

சிஸ்டர், என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சமாதானம் பேச வேண்டாம். உங்கள் பெரிய டாக்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வராண்டாவில் காத்திருக்கிற எல்லாப் பெண்களுக்கும் கேட்கிற மாதிரி பதில் சொல்லுங்கள். ஒரே ஒரு தடவை எழுந்து வந்து அவள் வயிற்றில் கை வைத்துப் பார்க்க உங்களை எது தடுத்தது?